வாலிபால் டீச்சர் பதில்கள்: "எனக்கு!" என்று கத்தத் தெரியுமா?

போன மாதம் இந்தப் பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டார்கள். பள்ளிப் பெண் பிள்ளைகளின் வாலிபால் பயிற்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பதில் சொல்வார் என்று. நாலைந்து கடிதம் வரும், ஒரு மதியத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன். ஒரு மஞ்சள்பை நிறைய அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் இல்லை. பலர் கேட்டதையே பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. ஊர்ப் பெயரைச் சொன்னால் கடலை மிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி மூன்றும்தான் ஆட்களுக்கு நினைவு வரும். அந்த ஹாக்கி ஊர்ப் பக்கத்தில், ஒரு அரசுப் பெண்கள் பள்ளியில், 29 வருடம் வாலிபால் வலையைக் கட்டி அவிழ்த்தவள். சான்றிதழில் 'கையுந்துப் பந்து' என்று போடுவார்கள், பேப்பரில் 'கைப்பந்து' என்று வரும், யாழ்ப்பாணத்தார் 'கரப்பந்தாட்டம்' என்பார்கள். பிள்ளைகள் வாயில் வருவது வாலிபால்தான். நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

*

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. வாலிபாலில் சேர வேண்டும் என்று நிற்கிறாள். "அது ஆம்பளைங்க முரட்டு ஆட்டம், வெயில்ல கறுத்துப் போவா, டவுசர் போடச் சொல்லுவாங்க" என்று அவள் அப்பா தடுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– ஒரு அம்மா, விளாத்திகுளம்

அவரிடம் முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் என்பவர்தான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். யாருக்காக? பாஸ்கெட்பால் ஆடினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்ன நடுவயது வியாபாரிகளுக்காக. ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிக்காமல், நடுவில் வலையைக் கட்டி, தொந்தி உள்ளவரும் ஆடட்டும் என்று செய்தது. அன்றைக்கு அவர் கட்டிய வலை ஆறரை அடி உயரம். இன்றைக்குப் பெண்களுக்கான வலை 2 மீட்டர் 24 செ.மீ. அந்த முதலாளிமார் ஆடியதைவிட ஒரு சாண் அதிகம். முரட்டு ஆட்டம் எது என்று அவரே சொல்லட்டும்.

டவுசர் பிரச்சினை பெரிய பிரச்சினையே இல்லை. என்னிடம் ஆடியவர்களில் பாதிப் பேர் முழுக்கால் டிராக் பேன்ட்டில்தான் ஆடினார்கள். அணி முழுக்க ஒரே நிறமாக, சட்டையில் நம்பரோடு இருந்தால் பள்ளிப் போட்டியில் நடுவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. ஆட ஆட, வியர்வையில் பேன்ட் முழங்காலில் ஒட்டும்போது, பிள்ளைகளே வந்து "டீச்சர், ஷார்ட்ஸ் வாங்கிக்கிடவா?" என்று கேட்பார்கள். அதுவரை விட்டுவிடுங்கள்.

கறுக்கிற விஷயம்? கறுப்பாள். அதில் பொய் சொல்ல மாட்டேன். காலை 6 மணிக்கும் சாயங்காலம் 5 மணிக்கும் ஆடினால் கொஞ்சம் குறையக் கறுப்பாள்.

அப்பாவை ஒரு நாள் கிரவுண்டுக்குக் கூட்டி வாருங்கள். என்னிடம் இருந்த ஒரு பிள்ளையின் அப்பா முதல் வாரம் முழுக்கக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே டி.வி.எஸ். 50-ல் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. இரண்டாம் வாரம் சுவர் தாண்டிப் போன பந்தை எடுத்து வீசினார். மூன்றாம் வாரம் கேட்டுக்குள் வந்து, "ஏன் டீச்சர், எம் பிள்ளைய மட்டும் எப்பவும் பின்னாடியே நிறுத்துறீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சுற்றி வருகிற ஆட்டம், எல்லாரும் முன்னுக்கும் வருவார்கள் பின்னுக்கும் போவார்கள் என்று விளக்க ஒரு சாயங்காலம் போனது. அப்புறம் அவர்தான் எங்களுக்கு லைன் பார்க்கிற ஆள்.

*

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை. உயர்நிலைப் பள்ளி. 22 பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். இருப்பது இரண்டே பந்து, கிழிந்த வலை ஒன்று. வாலிபால் எனக்குப் படிப்பில் படித்ததோடு சரி. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஓர் ஆசிரியை, கயத்தாறு பக்கம்

இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்தப் பகுதிக்கே ஒத்துக்கொண்டேன் போலிருக்கிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கமும் கரிசல் மண்தானே? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்தால் ஷூவுக்கு அடியில் இன்னொரு ஷூ ஒட்டிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், பிள்ளையின் கால் அந்த வெடிப்பில் போகும். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், சுற்றி இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக அளந்து, மேல் கரிசலை ஒரு அடி வெட்டி எடுத்துவிட்டுச் சரளையும் செம்மண்ணும் போட்டு, தண்ணீர் தெளித்து உருளை விட வேண்டும். எங்களுக்குப் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் இரண்டு டிராக்டர் செம்மண் அடித்துக் கொடுத்தார். மற்றதைப் பிள்ளைகளும் நானும் தட்டுச் சட்டியில் அள்ளிப் போட்டோம். கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

வலை கிழிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், முதல் இரண்டு மாதம் வலையே தேவையில்லை. இதைத்தான் யாரும் நம்புவதில்லை. பிள்ளைகள் வரும்போதே எகிறிக் குதித்து ஸ்மாஷ் அடிக்க வேண்டும் என்று வருவார்கள், டி.வி.யில் பார்ப்பது அதுதானே. பள்ளி அளவில் பெண்கள் ஆட்டத்தை ஸ்மாஷ் ஜெயிக்க வைப்பதில்லை. சர்வீஸ் ஒழுங்காகப் போடுகிற அணியும், வந்த சர்வீஸை ஒழுங்காக எடுக்கிற அணியும்தான் ஜெயிக்கும். முன்பு சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி விழும். 1990-களின் கடைசியில் அதை மாற்றி, ஒவ்வொரு பந்துக்கும் யாருக்காவது ஒரு புள்ளி என்று வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வலையில் அடிக்கிற ஒவ்வொரு சர்வீஸும் எதிராளிக்குக் கொடுக்கிற மொய்.

ஆகவே முதல் வேலை அண்டர்ஹேண்ட் பாஸ், அதாவது இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, வருகிற பந்தைக் கீழிருந்து எடுத்துக் கொடுப்பது. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரு கால் கொஞ்சம் முன்னே. முழங்கையை மடக்கக் கூடாது. பந்து படவேண்டிய இடம் மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் தட்டையான பாகம். கையை வீசிப் பந்தை அடிக்கக் கூடாது. காலிலிருந்து எழுந்தால் பந்து தானே எழும். குடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றும்போது எங்கிருந்து பலம் எடுக்கிறோமோ அங்கிருந்துதான் இதற்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்.

முதல் வாரம் கை சிவக்கும். முன்கையில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் விழும். வீட்டுக்குப் போனதும் அம்மா பார்த்துவிட்டு, பிரம்பால் அடித்திருக்கிறார்கள் என்று மறுநாள் உங்களிடம் வருவார். எனக்கு வருடத்துக்கு இரண்டு அம்மாமார் வந்தார்கள். இப்படி ஆகும் என்று நீங்களே முதல் நாள் எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரு வாரத்தில் மறையும். இன்னொன்று, பந்தைச் சைக்கிள் கடையில் கொடுத்துக் காற்று அடிக்காதீர்கள். அவர் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பந்து 260-லிருந்து 280 கிராம்தான், ஆனால் காற்று அதிகமானால் செங்கல் மாதிரி வலிக்கும்.

22 பேருக்கு இரண்டு பந்து எப்படிப் போதும்? போதும். ஒரு பந்து சுவருக்கு. சுவரில் இரண்டரை மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. நாலு பேர் வரிசையில் நின்று, கோட்டுக்கு மேலே படும்படி பாஸ் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓட வேண்டும், அடுத்தவள் எடுக்க வேண்டும். இன்னொரு பந்து கயிற்றுக்கு. இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டி, பழைய துணிக் கிழிசல்களைத் தொங்கவிட்டு, மூன்றுக்கு மூன்று ஆடட்டும். மீதிப் பேரில் ஒரு கூட்டம் ஸ்கிப்பிங். ஒரு கூட்டம் சுண்ணாம்புக் கோட்டுக்கு இடையில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, பந்தே இல்லாமல் எடுக்கிற பாவனை. ஒரு கூட்டம் பழைய டென்னிஸ் பந்தை ஒருத்தருக்கொருத்தர் போட்டு, கால் நகர்ந்து, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாறு. ஒருத்திகூடச் சும்மா நிற்கக் கூடாது. சும்மா நிற்கிற பிள்ளை மூன்றாம் நாள் வராது.

சரி, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்று சொல்கிறேன்.

என் அணி ஒருமுறை மாவட்டப் போட்டி அரையிறுதிக்குப் போனது. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் 15 புள்ளிக்கு. 13-க்கு 13. எதிரணிப் பிள்ளை சாதாரண சர்வீஸ்தான் போட்டாள், கீழ்க்கை சர்வீஸ். பந்து அவசரமே இல்லாமல் வந்தது. பின்வரிசையில் நடுவில் நின்றவளும் இடதுபக்கம் நின்றவளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இரண்டு பேருமே நன்றாக எடுக்கக் கூடியவர்கள். பந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது. ஒரு கைப்பிடிப் புழுதி எழும்பி அடங்கியது. அடுத்த பந்திலேயே ஆட்டமும் முடிந்துவிட்டது. "நீ எடுப்பேன்னு நெனச்சேன்." "நீதான் எடுப்பேன்னு நானும் நெனச்சேன்." பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே பேச்சு.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பாஸ் தெரியும், சர்வீஸ் தெரியும். "எனக்கு!" என்று கத்தத் தெரியாது. பிறந்ததிலிருந்து "மெதுவாப் பேசு, பொம்பளப் பிள்ள சத்தம் வாசல் தாண்டக் கூடாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆயிரம் பேர் நிற்கிற மைதானத்தில் "பந்து எனக்கு, நீ விலகு" என்று எப்படிக் கத்துவார்கள்?

மறுநாள் பந்தை எடுக்கவே இல்லை. கிரவுண்டின் இரண்டு கோடியிலும் பக்கத்துக்கு ஆறு பேராக நிறுத்தினேன். எங்கள் பஸ் ஸ்டாண்டில் கடலை மிட்டாய் விற்கிறவர்கள், நகரும் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட் வரை கேட்கிற மாதிரிக் கூவுவார்கள். "அந்த அண்ணாச்சி மாதிரிக் கூவுங்க, எனக்கு இங்க கேக்கணும்" என்றேன். முதல் நாள் வெறும் சிரிப்பு. ஒருத்தி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள். இரண்டாம் நாள் பாதிப் பேர் கூவினார்கள். மூன்றாம் நாள் தலைமையாசிரியை ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பி, "கிரவுண்டில் யார் யாவாரம் பண்ணுறது?" என்று கேட்டார். நாலாம் நாள் பந்தைக் கொடுத்து, "இப்போ மிட்டாய்க்குப் பதிலா 'எனக்கு'ன்னு கூவு" என்றேன். அதற்கப்புறம் ஒரு விதி வைத்தேன். கத்தாமல் எடுத்த பந்து, எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும், எங்கள் பயிற்சியில் கணக்கில் வராது.

நீங்களும் இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். நான் பதினோரு வருடம் தாமதமாகத் தொடங்கினேன்.

*

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு. என் உயரம் 152 செ.மீ. வாலிபால் ஆடினால் வளருமா? உயரம் இல்லாத எனக்கு அணியில் இடம் உண்டா?
– மாணவி, சங்கரன்கோவில்

ஆடினால் வளரும் என்று சொல்லிப் பிள்ளை பிடிக்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், மன்னித்துவிடு. உயரம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. நல்ல சாப்பாடும் தூக்கமும் அதை முழுசாக எட்ட வைக்கும். உயரமானவர்கள் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள், ஆட்டத்தால் உயரமாவதில்லை.

இடம் உண்டு. லிபரோ என்று ஓர் இடம் 1998-லிருந்து சர்வதேச ஆட்டத்தில் இருக்கிறது. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவள். நடுவரிடம் ஆள்மாற்று கேட்காமலே வரலாம், போகலாம். அவள் சர்வீஸ் போட முடியாது, பிளாக் செய்ய முடியாது (வலையோரம் எகிறி, எதிராளி அடிக்கிற பந்தைக் கையால் மறிப்பதுதான் பிளாக்), வலை உயரத்துக்கு மேலே பந்தை அடிக்க முடியாது. வலையிலிருந்து மூன்று மீட்டரில் போட்டிருக்கிற கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் பந்தைத் தூக்கிக் கொடுத்தால், அதையும் வலைக்கு மேலே வைத்து யாரும் அடிக்கக் கூடாது. அண்டர்ஹேண்டில் கொடுத்தால் அடிக்கலாம். இந்தக் கடைசி விதி தெரியாமல் புள்ளியை இழந்த பள்ளி அணிகளை நான் எண்ணியதே இல்லை.

ஆனால் 'குட்டையானவளுக்கு ஆறுதல் பரிசு' என்று நினைத்து அந்தச் சட்டையைப் போடாதே. பந்தைப் பார்க்கிறவள் லிபரோ ஆக முடியாது. சர்வீஸ் போடுகிறவளின் தோளைப் பார்க்க வேண்டும், அடிக்கிறவளின் முழங்கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். பந்து கிளம்பும் முன்னே உன் கால் கிளம்பியிருக்க வேண்டும். அப்புறம், அணியிலேயே பெரிய வாய் உனக்குத்தான் இருக்க வேண்டும். முன்னால் நிற்கிறவர்களுக்கு முதுகில் கண் கிடையாது.

*

கேள்வி: சர்வீஸ் வலையில் பட்டு மறுபக்கம் விழுந்தால் ஃபவுல்தானே? எங்கள் ஊரில் இதற்குச் சண்டையே வந்துவிட்டது.
– வாசகர், திருவேங்கடம்

பழைய விதி அது. மாறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வலையில் பட்டாலும் தாண்டி உள்ளே விழுந்தால் ஆட்டம் தொடரும். சண்டையில் யார் பக்கம் நின்றீர்கள்?

*

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறாள். மாதவிலக்கு நாட்களில் அனுப்பலாமா? இன்னொன்று, கடந்த மூன்று மாதமாக அவளுக்கு வரவே இல்லை. "போட்டி நேரத்துல வராம இருக்கது நல்லதுதானம்மா" என்கிறாள்.
– ஒரு அம்மா, எட்டயபுரம்

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: அவளுக்கு முடிந்தால் அனுப்புங்கள், முடியாவிட்டால் வேண்டாம். ஆடினால் கெடுதல் ஒன்றும் இல்லை. சில பிள்ளைகளுக்கு லேசாக ஓடினால் வயிற்றுவலி குறையும். சிலருக்கு முதல் நாள் எழுந்திருக்கவே முடியாது. நான் யாரிடமும் காரணம் கேட்டதில்லை. "இன்னைக்கு ஸ்கோர் எழுதுறேன் டீச்சர்" என்று சொன்னால் எனக்குப் புரியும், அவ்வளவுதான். பள்ளியில் கொடுக்கிற நாப்கின் பாக்கெட் இரண்டும் ஒரு கறுப்பு டிராக் பேன்ட்டும் என் பையில் எப்போதும் கிடக்கும். ஆண் பயிற்சியாளராக இருந்தால், அந்தப் பையை அணித் தலைவியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வேறு பேச்சே வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே கூட்டிப் போங்கள். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். அது நல்ல சேதி அல்ல. எலும்பையும் கெடுக்கும். வேறு காரணமும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் நான் பேசலாம். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15-லிருந்து 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அது என் கிரவுண்டில் எப்படித் தெரியும் என்றால், மூன்றாவது சுற்று ஓடும்போதே ஒருத்தி இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். "காலைல என்ன சாப்பிட்ட?" "டீ டீச்சர்." அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே போடுவார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டுவது குறையும். அதோடு டீ குடித்தால் மாத்திரை வீண். சத்துணவு முட்டையைத் தோழிக்குத் தானம் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி ஊற வைத்த கம்மங்கூழில் மோர் விட்டு ஒரு சொம்பு, வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, பயிற்சி முடிந்ததும் இரண்டு கடலை மிட்டாய். எங்கள் ஊர்ச் சரக்கு என்பதற்காகச் சொல்லவில்லை, கடலையும் வெல்லமும் சேர்ந்ததை எந்தக் கடை பவுடரைவிடவும் நான் நம்புகிறேன்.

*

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு முழங்கால் வலி. ஆடி முடித்ததும் நொண்டுகிறாள். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்கிறார் பயிற்சியாளர்.
– ஓர் அப்பா, சிவகாசி

பழகப் பழகச் சரியாகாது. நொண்டுகிற பிள்ளை ஆடக் கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

காரணம் பெரும்பாலும் குதிப்பதில் இல்லை, இறங்குவதில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அவள் ஸ்மாஷ் அடித்து இறங்குகிற சத்தத்தைக் கேளுங்கள். "டொப்" என்று கேட்டால் தப்பு. பூனை மதிலிலிருந்து இறங்கினால் சத்தம் கேட்கிறதா? முன்பாதம் முதலில், இரண்டு காலும் சேர்ந்து, முழங்கால் மடங்கி இறங்க வேண்டும். இறங்கும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முத்தமிடப் போகிற மாதிரி உள்ளே சாய்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு இப்படிச் சாய்வது அதிகம். முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். என்ற தசைநார், குதித்துத் திரும்புகிற ஆட்டங்களில் பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கிழிகிறது. கிழிந்தால் ஒரு வருடம் போய்விடும்.

என் வழக்கம்: வாரத்தில் இரண்டு நாள் குதிக்கவே கூடாது. சிமெண்டுத் தரையில் எப்போதுமே குதிக்கக் கூடாது. குதிக்கிற நாட்களில் ஆரம்பத்தில் கால் மணி நேரம் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, ஒரு படியிலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்குவது. பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும். அலுக்கட்டும்.

*

கேள்வி: எங்கள் பயிற்சியாளர் தப்பு செய்தால் கன்னத்தில் அடிக்கிறார். "ஜப்பான் பெண்கள் அடி வாங்கித்தான் தங்கம் வாங்கினார்கள்" என்கிறார். இது உண்மையா? அவர் பெயரை எழுதவில்லை.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பெயர் எழுதாதது சரி. உன் ஊரையும் நான் எடுத்துவிட்டேன்.

அவர் சொல்லும் கதையில் பாதி உண்மை. ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலில் வந்தது 1964 டோக்கியோவில். ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலோர் கைஸுகா ஊரில் நிச்சிபோ என்ற நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். பகலில் வேலை, அதற்கப்புறம் நள்ளிரவு வரை பயிற்சி. ஹிரோபுமி தைமாட்சு என்ற அந்தப் பயிற்சியாளர் ஈவு இரக்கம் பார்க்காதவர் என்று அன்றைக்கே உலகமெல்லாம் பேச்சு. விழுந்து உருண்டு பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கிற முறை அவர்களால்தான் பெயர் பெற்றது. அக்டோபர் 23 அன்று கடைசி ஆட்டத்தில் சோவியத் அணியை 3–0 என்று ஜெயித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் ஊரில் பிறந்த எனக்கு அந்த ஆலைப் பெண்கள் கதை சின்ன வயதில் அப்படிப் பிடிக்கும்.

ஆனால் தங்கம் வாங்க வேறு வழியும் இருக்கிறது. சீனாவின் லாங் பிங் 1984-ல் ஆடித் தங்கம் வாங்கினார். 2016-ல் அதே சீன அணிக்குப் பயிற்சியாளராக இருந்து மறுபடி தங்கம் வாங்கினார். வாலிபாலில் இரண்டு விதத்திலும் தங்கம் வாங்கிய முதல் ஆள் ஒரு பெண். உன் பயிற்சியாளர் அவர் பெயரை ஏன் சொல்வதில்லை என்று கேட்டுப் பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் கன்னத்தில் அடித்ததில்லை, ஆனால் யோக்கியமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மூன்று சர்வீஸை வரிசையாக வலையில் அடித்த ஒருத்தியை, சித்திரை வெயிலில் இருபது சுற்று ஓடச் சொன்னேன். பதினான்காவது சுற்றில் விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். மறுநாள் டிராக் பேன்ட்டைத் துவைத்து மடித்து ஒரு தோழியிடம் கொடுத்து அனுப்பினாள். அவள் வரவில்லை. அவளுக்கு இருந்த மேல்கை சர்வீஸ் அதற்கப்புறம் எந்தப் பிள்ளையிடமும் நான் பார்க்கவில்லை. வலையில் அடிக்கிறவளுக்கு ஓட்டம் எதற்கு? பந்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தூக்கிப் போடு என்று சொன்னால் முடிந்திருக்கும்.

நீ செய்ய வேண்டியது: வீட்டில் சொல். நம்புகிற ஒரு டீச்சரிடம் சொல். இரண்டு இடத்திலும் கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணு, காசு ஆகாது. அடியைத் தவிர வேறு விதமாகவும் கை நீண்டால், ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போகும்போது கூட ஒரு ஆசிரியை வராவிட்டால், பஸ்ஸில் ஏறாதீர்கள். இதைப் பெற்றோர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கிரவுண்டில் "எனக்கு!" என்று கத்துகிற அதே தொண்டைதான் இங்கேயும் வேண்டும்.

*

கேள்வி: மகள் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு கிடைக்கும் என்று தொடர்ந்து ஆட விடலாமா, இல்லை நிறுத்திவிடலாமா?
– ஓர் அப்பா, ராஜபாளையம்

சீட்டுக்காக என்றால் நிறுத்திவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்காரர்களுக்கு 500 இடம், அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, தமிழ்நாடு முழுசுக்கும். அரசு வேலையில் 3 விழுக்காடு. குறுவட்டத்தில் ஜெயித்த சான்றிதழுக்கு அங்கே மதிப்புக் குறைவு. மாநிலம், தேசியம் என்று போனால்தான் பேச்சே. போகிற அளவுக்கு ஆடுகிறாள் என்றால், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்கும், அதற்கு முன்பே அனுப்பியிருப்பீர்கள்.

அவளுக்குப் பிடிக்கிறது என்றால் நிறுத்தாதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் ஆடுவதால் எந்தப் பிள்ளையும் என்னிடம் ஃபெயில் ஆனதில்லை. ஒரு பள்ளியில், எது என்று கேட்க வேண்டாம், டிசம்பரிலேயே பந்து அறைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இடைவேளையில் துப்பட்டாவைச் சுருட்டிப் பந்தாக்கி வராண்டாவில் பாஸ் போட்டார்கள். ரிசல்ட் முந்தின வருடம் போலத்தான் வந்தது.

*

கேள்வி: டீச்சர், 2003-ல் உங்களிடம் செட்டராக, அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவளாக, ஆடியவள் நான். இப்போது இரண்டு பிள்ளைகள். மறுபடி ஆட ஆசையாக இருக்கிறது. எங்கள் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் ஆண்கள்தான் ஆடுகிறார்கள். போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– உங்கள் பழைய மாணவி, சாத்தூர்

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஏட்டி. அந்த 'ற'வை இன்னும் அப்படித்தான் எழுதுகிறாயா?

முதல் மாதம் குதிக்காதே. இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு. தினமும் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மூத்தவனைச் சுவரோரம் நிறுத்தி அவனோடு விரல் பாஸ். விரல் மறந்திருக்காது, அது சைக்கிள் மாதிரி.

ஆண்களிடம் போய்க் கேட்பதும் தப்பில்லை, ஆனால் நீ அவ்வளவு தூரம் கூச்சப்பட வேண்டாம். என் வீட்டுக்குப் பின்னால் காலி மனை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு உன் செட்டுப் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். அந்த லிபரோ பேரனே எடுத்துவிட்டாள், வாய் மட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு தடவை சண்டைக்கு வந்தாச்சு. உன்னையும் சேர்த்தால் ஐந்து, இன்னும் ஒருத்தி வேண்டும். வலை என்னிடம் இருக்கிறது. கம்பம்தான் கரையான் அரித்துவிட்டது. உன் வீட்டுக்காரர் மரக்கடையில்தானே இருக்கிறார்? பத்தடிச் சவுக்குக் கம்பு இரண்டு கொண்டுவரச் சொல். இரண்டடி மண்ணுக்குள் போகும்.